ஈரமண்ணில் வாடிய செடிகள்: ஒரு தொட்டித் தோட்டமும் அதைப் பேணியவனும்

நிகழ்வு

மொட்டைமாடியில் பன்னிரண்டு தொட்டிகளில் நான் நட்ட தக்காளிச் செடிகளில் ஏழு, நட்ட ஒன்பதாவது வாரம் முடிவதற்குள் பட்டுப்போயின. இலைகளில் பூச்சி அரித்த தடம் இல்லை; வழக்கத்தை மீறிய வெயிலும் அடிக்கவில்லை; தண்ணீருக்குத் தட்டுப்பாடும் இல்லை. ஏழு செடிகளும் மண் கைக்கு ஈரமாக இருந்தபோதே வாடின, வாடியபடியே செத்தன. அந்த ஒன்பது வாரங்களில் நான் ஒரு நாள்கூட அவற்றைப் பார்க்காமல் விட்டதில்லை என்பதற்கு என் குறிப்பேடே சான்று. கவனிப்பாரின்றிச் செடி செத்திருந்தால் அதில் எழுத ஒன்றுமில்லை, எல்லோருக்கும் தெரிந்த கதைதான். கவனிப்பு மிகுந்து செத்தது என்பதாலேயே இதை ஒரு நிகழ்வாக எடுத்து, காரண காரியத்தோடு எழுதி வைக்க நினைத்தேன்.

இதற்கு இன்னொரு பாதியும் உண்டு. அதே மாதங்களில் அலுவலகத்தில் என் மேற்பார்வையில் புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் இளைஞரின் வேலை நாளுக்கு நாள் தொய்ந்துகொண்டிருந்தது. சேர்ந்த புதிதில் துடிப்பாக எழுதித் தந்தவர், மூன்றாம் மாதத்தில் ஒரு பக்க வரைவுக்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டார். இவ்விரண்டையும் நான் அப்போது சேர்த்துப் பார்க்கவில்லை. செத்த செடி ஒன்றைத் தொட்டியோடு கவிழ்த்துப் பார்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான், இரண்டு இடத்திலும் ஒரே கை வேலை செய்திருக்கிறது என்பது எனக்கு உறைத்தது.

பின்னணி

நான் பிறர் எழுதும் வரைவுகளைப் படித்துத் திருத்தி அனுப்பும் பணியில் பல ஆண்டுகளாக இருப்பவன். பிழை கண்ணில் பட்டால் கை தானாகப் பேனாவைத் தேடும். தோட்டம் போட்டது மனத்துக்கு ஓய்வாக இருக்கட்டும் என்றுதான். ஆனால் ஓய்வுக்குப் போன இடத்துக்கும் அதே கண்ணையும் அதே கையையும் கொண்டுபோனேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

தொட்டி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 லிட்டர் கொள்ளும். அடியில் நான்கு வடிகால் துளைகள். துளைகளை மண் அடைத்துவிடக் கூடாது என்று இரண்டு அங்குல உயரத்துக்குச் சரளைக்கல் பரப்பி, அதன்மேல் தோட்டமண், மண்புழு உரம், கோகோபீட் என்னும் தென்னை நார்த்தூள் மூன்றையும் சம பங்காகக் கலந்து நிரப்பினேன். நாற்றுகள் ஒரு சாண் உயரத்தில் இருந்தன. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு முறையும் மாலையில் திரும்பியதும் ஒரு முறையும் பூவாளியால் நீர் ஊற்றினேன். குறிப்பேட்டில் நீர், உரம், மருந்து என்று மூன்று பத்திகளும், ‘மற்றவை’ என்று கடைசியில் ஓர் அகலமான பத்தியும் கோடு போட்டு வைத்திருந்தேன். கடைசிப் பத்தியில் பெரும்பாலும் செடிக்குத் தொடர்பில்லாத அன்றைய எரிச்சல்களே பதிவாயின; பின்னால் அதுதான் பயன்பட்டது.

நடந்த வரிசை

முதல் மூன்று வாரங்கள் குறையில்லாமல் போயின. நான்காம் வாரத்தில் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு மாடிக்குப் போனபோது பன்னிரண்டு செடிகளும் தலையைத் தொங்கவிட்டிருந்தன. வேலைநாள்களில் அந்த நேரத்தில் நான் அவற்றைப் பார்த்ததே இல்லை. பதறிப்போய் ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவாளி நீர் ஊற்றினேன். மாலை ஐந்தரைக்குப் பார்த்தபோது எல்லாம் நிமிர்ந்து நின்றன. ‘நேரத்துக்கு ஊற்றியதால் பிழைத்தன’ என்று குறிப்பேட்டில் எழுதி, அடிக்கோடும் இட்டேன். இந்த நிகழ்வு முழுவதிலும் மிகப் பெரிய சேதத்தை விளைவித்தது அந்த ஒரு வரிதான்.

மறு வாரம் முதல் நண்பகலிலும் ஒரு முறை ஊற்றும்படி வீட்டிலிருப்பவர்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆறாம் வாரத்தில் அடி இலைகள் மஞ்சளாயின. சத்துக் குறைவு என்று முடிவுகட்டித் தழைச்சத்து மிகுந்த உரம் இட்டேன். ஐந்து நாளில் பலன் தெரியாததால் மறுபடியும் இட்டேன். மண்ணின் மேற்பரப்பில் பச்சையாகப் பாசி படர்ந்தது. தொட்டியைத் தொட்டாலே கொசுவைவிடச் சிறிய கறுப்பு ஈக்கள் எழுந்து பறந்தன. அதற்குப் பூச்சிவிரட்டி தெளித்தேன். ஏழாம் வாரம், காலை ஆறரை மணிக்கே இலைகள் தொங்கின. வெயில் ஏறாத வேளையில் செடி வாடி நிற்பது வேறு வகைச் செய்தி என்பது அன்று எனக்குத் தெரியாது. எட்டாம் வாரத்தில் முதல் செடி செத்தது. அடுத்த பத்து நாளில் இன்னும் ஆறு.

கவிழ்த்துப் பார்த்தது

நான்காம் எண் தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, விளிம்பைத் தட்டிக் கவிழ்த்தேன். முதலில் வந்தது வாடை. வற்றிக்கொண்டிருக்கும் குட்டையைக் கிளறினால் எழுமே, அந்த வாடை. மண்கட்டி தொட்டியின் உருவத்திலேயே வந்து உட்கார்ந்தது. மேல்பாதியில் விரலால் உதிர்க்கக்கூடிய மண். கீழ்ப்பாதியில், சரளைக்கல்லுக்கு நேர் மேலே நான்கு விரற்கடை உயரத்துக்குக் கறுத்த சேறு. வியப்பு என்னவென்றால், அதற்கும் கீழே இருந்த கற்கள் ஏறக்குறைய உலர்ந்திருந்தன. துளைகள் நான்கும் திறந்தே இருந்தன.

வேர்கள் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் தேயிலைச் சாற்றின் நிறத்தில் இருந்தன. ஒரு வேரை இரு விரலால் பிடித்து மெல்ல இழுத்தேன். மேல்தோல் நனைந்த உறைபோல் என் விரலோடு வந்துவிட்டது. உள்ளே தலைமுடி கனத்தில் ஒரு நரம்பு மட்டும் மண்ணிலேயே நின்றது. இன்னொன்றை இழுத்தேன், அதுவும் அப்படியே. அந்தச் செடிக்குக் கடைசி மூன்று வாரமாக நான் ஊற்றிய நீர் முழுவதும், குடிக்க வாயில்லாத ஒன்றின்மேல் ஊற்றிய நீர்.

காரணம்

வேருக்கு நீர் தேவைப்படுவதைப்போலவே மூச்சும் தேவை. மண்துகள்களுக்கு இடையிலான நுண்ணிய இடைவெளிகளில் காற்று நிற்கிறது. அதிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்துத்தான் வேர்ச்செல்கள் ஆற்றலைப் பெறுகின்றன. இடைவெளி நீரால் நிரம்பிவிட்டால் ஆக்சிஜன் நீரின் ஊடாகத்தான் வேரை அடைய வேண்டும். காற்றில் பரவுவதைவிட நீரில் அது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மூச்சுத் திணறிய வேரால் நீரை உறிஞ்சி மேலே அனுப்ப முடிவதில்லை. ஆகவே நீரில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடுகிறது. தக்காளியில் இதோடு இன்னொன்றும் நடக்கிறது: காற்றில்லாத வேரில் உருவாகும் ஒரு சேர்மம் தண்டின் வழியே மேலேறி, இலையில் எத்திலீனாக மாறி, இலைக்காம்புகளைக் கீழ்நோக்கி வளைத்துவிடுகிறது. மேலிருந்து பார்ப்பவருக்கு இதுவும் நீருக்கு ஏங்கும் செடியைப்போலவே தோன்றும். தொல்லை முழுவதும் இந்த ஒற்றுமையில்தான் இருக்கிறது. தாகத்தின் அறிகுறியும் மூழ்கலின் அறிகுறியும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கின்றன. மருந்து மட்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

திணறும் வேரைப் பிடித்துக்கொள்ளக் காத்திருப்பவை பித்தியம், பைட்டாப்தோரா போன்ற நீர்ப்பூஞ்சைகள். இவற்றின் வித்துகள் நீரில் நீந்திப் போகக்கூடியவை. ஈரம் விடாத மண் அவற்றுக்குப் பாதை போட்டுத் தருகிறது. கறுப்பு ஈக்களின் புழுக்களும் ஈரமான மட்கில்தான் பிழைக்கும். இளம் வேர்களையும் அவை கடிக்கும். நான் இட்ட உரமோ, உறிஞ்ச முடியாத வேரைச் சுற்றி உப்பாகத் தங்கி நிலைமையை இன்னும் மோசமாக்கியது. ஒவ்வொரு தலையீடும் அடுத்த அறிகுறியை உண்டாக்கியது, அந்த அறிகுறி அடுத்த தலையீட்டை வரவழைத்தது.

சரளைக்கல்லைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஏனென்றால் அதை நான் மிகுந்த அக்கறையோடு செய்தேன், யாரைக் கேட்டாலும் செய்யச் சொல்வார்கள். நுண்துளைகள் நிறைந்த மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகள் கொண்ட கல் அடுக்குக்கு நீர் எளிதில் இறங்காது. மேலே இருக்கும் மண் முழுவதுமாக நிறைந்த பிறகே சொட்டத் தொடங்கும். கல் அடுக்கு வடிகாலை மேம்படுத்துவதில்லை, தேங்கும் நீரின் மட்டத்தை அத்தனை உயரம் மேலே தூக்கி, வேருக்கு இன்னும் அருகில் கொண்டுவந்து வைக்கிறது. உலர்ந்த கல்லும் அதன்மேல் சேறுமாக நான் கண்டது அதுதான். நல்லெண்ணத்தோடு செய்த பாதுகாப்பு ஏற்பாடு, கெடுதல் நடக்கும் இடத்தைக் கண்ணுக்கு மறைவாக மாற்றிவிட்டிருந்தது.

இனி அந்தச் சனிக்கிழமை. உச்சி வெயிலில் இலைகள் இழக்கும் நீரின் வேகத்துக்கு வேர்கள் ஈடுகொடுக்க முடியாதபோது, நல்ல நிலையில் இருக்கும் செடியும் சற்றுத் தொங்கும். வெயில் தாழ்ந்ததும் தானே நிமிரும். அன்று நான் ஒரு சொட்டு ஊற்றாமல் இருந்திருந்தாலும் மாலையில் அவை நிமிர்ந்திருக்கும். தானாக நடக்கவிருந்த மீட்சியை என் கணக்கில் எழுதிக்கொண்டேன். அதன்பின் அந்தக் கணக்கை நம்பியே ஐந்து வாரம் செலவழித்தேன்.

கை ஏன் நீண்டது

அறியாமை மட்டும் காரணம் என்று சொல்லி இதை முடித்துவிடலாம், நேர்மையாக இருக்காது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது எனக்குத் தெரியாததா? அந்தப் பழமொழியை வைத்துப் பள்ளியில் கட்டுரையே எழுதியிருக்கிறேன். மண்ணில் விரலை விட்டுப் பார்க்கச் சொல்லி எத்தனையோ பேர் எழுதியதையும் படித்திருந்தேன். தெரிந்திருந்தும் விரல் மண்ணுக்குள் போகவில்லை, பூவாளியைத்தான் பிடித்தது.

குறிப்பேட்டை மறுபடி எடுத்து, மூன்று முறையோ அதற்கு மேலோ நீர் ஊற்றிய நாள்களை மட்டும் பென்சிலால் வட்டமிட்டேன். பிறகு அந்தந்த நாளின் ‘மற்றவை’ பத்தியைப் படித்தேன். ‘கூட்டம் வீண்’, ‘பதில் வரவில்லை’, ‘மறுபடியும் தள்ளிப்போனது’: வட்டமிட்ட நாள்களில் பெரும்பாலானவை, ஏதோ ஒன்று என் கையை மீறிப்போன நாள்கள். செடியின் வாட்டத்துக்கும் நீரின் அளவுக்கும் இருந்த தொடர்பைவிட, என் மனநிலைக்கும் நீரின் அளவுக்கும் இருந்த தொடர்பு தெளிவாக இருந்தது. மாலையில் மாடியேறி ஊற்றும்போது ஏதோ ஒன்றை உருப்படியாகச் செய்த நிறைவு கிடைத்தது. அந்த நிறைவுக்காகவே ஊற்றினேன் என்று இப்போது சொல்ல முடிகிறது. அப்போது யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும்.

இது எனக்கு மட்டும் உரிய கோளாறு அல்ல. 2007-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் கால்பந்து ஆட்டங்களின் 286 பெனால்டி உதைகளை எடுத்துப் பார்த்தார்கள். கோல்காப்பாளர்கள் ஏறத்தாழ 94 விழுக்காட்டு முறை இடப்பக்கமோ வலப்பக்கமோ பாய்ந்திருந்தார்கள். ஆனால் பந்துகளில் கிட்டத்தட்ட 29 விழுக்காடு நடுவில் வந்தது, தடுப்பதற்கான வாய்ப்பும் நடுவில் அசையாமல் நின்றபோதே மிகுதியாக இருந்தது. பாய்ந்து தவறவிட்டால் முயன்றான் என்பார்கள். நின்று தவறவிட்டால் மரம்போல் நின்றான் என்பார்கள். எது நல்ல விளைவைத் தரும் என்பதை அல்ல, தோற்றால் எது குறைவாக வலிக்கும் என்பதைக் கால்கள் தேர்ந்தெடுக்கின்றன. வாடிய செடியின் முன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கும் அதே கூச்சம்தான் தடை.

இன்னொரு தொட்டி

இளைஞரின் விஷயத்துக்கு வருகிறேன். அவர் தரும் வரைவுகளை அன்று மாலையே திருத்தித் திருப்பித் தந்துவிடுவேன். இதை நான் என் நல்ல பழக்கங்களில் ஒன்றாக எண்ணியிருந்தேன். முதல் மாதம் பக்கத்துக்கு நான்கைந்து திருத்தங்கள். அவை எல்லாமே சரியானவை என்றே இன்றும் நினைக்கிறேன். நீரும் நல்ல நீர்தான். இரண்டாம் மாதம் அவர் வேகம் குறைந்தபோது, வழிகாட்டல் போதவில்லை என்று திருத்தங்களோடு விளக்கக் குறிப்புகளும் சேர்த்தேன். அவர் சின்னச் சின்னத் தலைப்புக்கும் வந்து அனுமதி கேட்கத் தொடங்கியபோது, ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன். மூன்றாம் மாதத்தில் ஒரு வரைவின் இரண்டாம் பத்தி இருக்க வேண்டிய இடத்தில் ‘இங்கே நீங்கள் சொல்வதைப் போட்டுக்கொள்கிறேன்’ என்று ஒரே ஒரு வரி இருந்தது. அதையும் நானே எழுதி நிரப்பிக் கொடுத்தேன்.

தொட்டியைக் கவிழ்த்த மறுநாள், அந்தக் காகிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு அவரை அழைத்தேன். திருத்தம் சொல்வதற்கு முன் முதல் முறையாக ஒரு கேள்வி கேட்டேன். “எந்த இடத்தில் நிக்குது?”

சற்றுத் தயங்கினார். “நிக்கலை சார். எப்படியும் மாறத்தானே போகுதுன்னு எழுதவே கை வரலை.”

மூன்று மாதமாக அவருடைய ஒவ்வொரு வரியையும் படித்திருக்கிறேன். இந்த ஒரு வரியைக் கேட்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

தலையீடு

இரண்டாம் பருவத்தில் செய்த மாற்றங்களில் பெரும்பாலானவை, செயலுக்கு முன்னால் ஒரு சோதனையைக் குறுக்கே நிறுத்துவனவாக இருந்தன. சரளைக்கல்லை அடியோடு நீக்கி, துளைகளின்மேல் வலைத்துணி மட்டும் போட்டேன். நீர் ஊற்றும் நேரம் என்று ஒன்று கிடையாது. காலையில் விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விடுவது மட்டுமே நேரப்படி நடக்கும், அங்கே ஈரம் தட்டினால் அன்று நீர் இல்லை. சில வாரங்களில் விரல்கூட வேண்டியிருக்கவில்லை. தொட்டியின் ஒரு விளிம்பைப் பிடித்து லேசாகத் தூக்கினாலே கனம் சொல்லிவிடும்: நனைந்த தொட்டி கல்போல் அழுத்தும், உலர்ந்தது எளிதாக எழும். ஊற்றினால் துளைவழியே வடியும் வரை ஊற்றுவேன். அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது வேரை மேற்பரப்பிலேயே தங்கவைத்துவிடும்.

பிற்பகல் வாட்டத்துக்கு எதுவும் செய்வதில்லை என்று முடிவு செய்தேன். மாலையிலும் மறுநாள் காலையிலும் பார்த்த பிறகே அதற்குப் பெயர் வைப்பது. எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான், விளைவு தெரிய ஒரு வாரம். குறிப்பேட்டின் பத்திகளையும் மாற்றினேன்: முதல் பத்தி ‘பார்த்தது’, இரண்டாவது ‘நினைத்தது’, மூன்றாவதுதான் ‘செய்தது’. முதலிரண்டையும் நிரப்பாமல் மூன்றாவதுக்குப் போகக் கூடாது. சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம், என்னைப் போன்றவருக்கு இந்த அளவுக் கட்டுப்பாடு வேண்டியிருந்தது.

நாற்றுகளை வளர்த்த முறையும் மாறியது. முதல் பருவத்தில் காற்றுப்படாத மூலையில் பொத்திப்பொத்தி வைத்திருந்து ஒரே நாளில் வெயிலில் நட்டேன். இம்முறை பத்து நாளுக்கு, நாளொன்றுக்குச் சிறிது நேரமாகக் கூட்டிக்கொண்டே வெளியே வைத்தேன். காற்றில் அசையும் தண்டு குட்டையாகவும் தடிப்பாகவும் வளரும் என்பது பழைய அனுபவ அறிவு. தொடுதலுக்கும் அசைவுக்கும் செடி காட்டும் இந்த வளர்ச்சி மாற்றத்துக்கு 1973-இல் மார்க் ஜாஃபே என்ற தாவர உடலியல் அறிஞர் அறிவியல் பெயரிட்டார். முட்டுக்கோலோடு இறுக்கிக் கட்டிய தண்டைவிட, தளர்வாகக் கட்டி ஆடவிட்ட தண்டு கனமாக இருந்ததை என் தொட்டிகளிலும் கண்டேன்.

விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் படிய எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. லண்டனில் 96 பேரை வைத்து நடத்தப்பட்டு 2010-இல் அச்சான ஓர் ஆய்வு, ஒரு புதிய செயல் தானாக நிகழும் நிலையை எட்ட ஏறத்தாழ 66 நாள் பிடிப்பதாகவும், ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை மாறுவதாகவும் கணக்கிட்டது. இடையில் ஒரு நாள் தவறினாலும் பெரிய பின்னடைவு இல்லை என்றும் கண்டது. இருபத்தொரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்று பலர் சொல்வதைக் கேட்டு, இருபத்திரண்டாம் நாள் என்னையே நொந்துகொண்டிருந்த எனக்கு அந்தக் கடைசிச் செய்தி ஆறுதலாக இருந்தது.

அலுவலகத்தில் செய்தது இதைவிடச் சிறியது. திருத்தங்களை அன்றன்று தராமல் வாரம் ஒரு முறை தருவது என்றும், எழுதி முடிக்காத வரைவைப் பார்ப்பதில்லை என்றும், பேச்சைத் திருத்தத்தில் தொடங்காமல் கேள்வியில் தொடங்குவது என்றும் அவரிடம் சொல்லியே ஏற்பாடு செய்தேன். சொல்லாமல் மாற்றியிருந்தால், கைவிட்டுவிட்டேன் என்று அவர் நினைத்திருக்கக்கூடும்.

விளைவு

இரண்டாம் பருவத்தில் பன்னிரண்டு செடிகளில் ஒன்பது காய்த்தன. ஒன்றின் தண்டைக் கட்டும்போது நானே முறித்தேன். ஒன்று இலைச்சுருட்டை நோயில் போயிற்று. வெள்ளை ஈ கொண்டுவரும் அந்த வைரஸுக்கு விரல் சோதனை ஒன்றும் செய்துவிட முடியாது. வேர் அழுகி ஒரு செடியும் சாகவில்லை. முதல் சுற்றுக் காய்கள் சிலவற்றின் அடிப்பகுதி கறுத்து அமுங்கியது. நீர் சீராகக் கிடைக்காதபோது காயின் நுனிவரை சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராததால் வருவது அது. மண்ணில் சத்து இருந்தும் கொண்டுசெல்லும் நீரோட்டம் விட்டுவிட்டு வந்ததன் அடையாளம், அதாவது என் புதிய கட்டுப்பாட்டின் தழும்பு.

பன்னிரண்டில் மீதமிருக்கும் ஒன்றுதான் எனக்கு முக்கியமானது. ஏழாம் எண் செடி காய்ந்தே செத்தது. ஊற்றக் கூடாது என்ற வைராக்கியத்தில், காற்று பலமாக வீசிய ஒரு வாரம் அதை அதிக நாள் உலரவிட்டேன். பிறகு ஊற்றியபோது நீர் உடனே துளைவழியே வடிந்தது. நன்றாக நனைந்துவிட்டது என்று நம்பினேன். உண்மையில் மண்கட்டி காய்ந்து சுருங்கித் தொட்டிச் சுவரைவிட்டு விலகியிருந்தது. ஊற்றியதெல்லாம் அந்த இடுக்கு வழியே ஓடிவிட்டது, நடுவில் வேர்கள் இருந்த இடம் பொடியாகவே கிடந்தது. விளிம்பைத் தூக்கிப் பார்த்திருந்தால் கனம் காட்டிக்கொடுத்திருக்கும். நான் எழுதிய விதியை நானே கடைப்பிடிக்கவில்லை. ‘பார்த்தது’ பத்தியில் அன்று ‘வடிந்தது’ என்று மட்டும் இருக்கிறது.

இளைஞரின் வரைவுகள் ஆறு வாரத்தில் பழைய நீளத்துக்கு வந்தன. நான் எழுதியிருக்க மாட்டாத வாக்கியங்கள் அவற்றில் வந்தன, சில என்னுடையவற்றைவிட நன்றாக இருந்தன. ஆனால் அங்கேயும் ஒரு ஏழாம் தொட்டி உண்டு. ஒரு பெரிய அறிக்கையில் அவர் சிக்கிக்கொண்டிருந்த இரண்டு வாரமும், அவராகவே வரட்டும் என்று பொறுமையாக இருப்பதாக எண்ணிக்கொண்டு நான் வாய் திறக்கவில்லை. கெடு தவறிப்போயிற்று. கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கக்கூடிய ஐயம் அது. அதிகமாகத் தலையிடுபவர் திருந்தும்போது ஒதுங்கிக்கொள்பவராக மாறிவிடுகிறார். தம் பொறுமையைக் குறித்துப் பெருமையும் கொள்கிறார். இரண்டு நிலையிலும் எதிரே இருப்பவரைப் பார்ப்பதில்லை.

ஒப்பீடு நிற்காத இடங்கள்

இரண்டு பருவங்களின் வெயிலும் காற்றும் ஒன்றல்ல. கல்லை நீக்கியதையும் நீர் முறையை மாற்றியதையும் ஒரே பருவத்தில் செய்ததால், எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்ற என் சொந்த விதியை ஆய்வின் தொடக்கத்திலேயே மீறியிருக்கிறேன். இளைஞரைப் பொறுத்தவரை, ஆறு மாதம் ஆன எவருக்கும் வேலை பிடிபடத்தானே செய்யும் என்று யாராவது சொன்னால் மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. மாலையில் தானே நிமிரும் செடியை நான் நிமிர்த்தியதாக இன்னொரு முறை எழுதிக்கொள்ள விருப்பமில்லை.

இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. செத்த செடியைக் கவிழ்த்துப் பார்க்கலாம். வேர் பொய் சொல்லாது. மனிதரிடம் அது நடக்காது, ஆனால் அதற்கு ஈடாக அவரால் பேச முடியும். தோட்டத்தையும் மனித உறவையும் ஒப்பிடும் பேச்சுகளில் பெரும்பாலும் இது விடுபட்டுப்போகிறது என்பது என் மனக்குறை: நீர் ஊற்று, வெயில் காட்டு, களை எடு என்று எல்லாவற்றையும் தோட்டக்காரரே செய்ய, எதிரே இருப்பவர் வாய் பேசாமல் வளர்ந்துகொண்டே இருப்பார். என் இளைஞர் ஆரம்பம் முதலே பேசக்கூடியவராக இருந்தார். அனுமதி கேட்டு வந்ததும் வெற்றுப் பத்தியில் ஒரு வரி எழுதியதும் பேச்சுதான். விரலை மண்ணுக்குள் விடுவதற்கு இணையான செயல் ஒரு கேள்வி கேட்பது. அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் வருகிற பதில் என்னைப் பற்றியதாக இருக்கக்கூடும் என்ற அச்சம் அந்த ஒரு நிமிடத்தைக் கடினமாக்குகிறது. செடியிடம் எனக்கு அந்த அச்சம் இருந்ததில்லை.

மூன்றாம் பருவம் இப்போது நடக்கிறது. பிற்பகலில் வாடிய இலைகளைக் கண்டால் இன்றும் கை துடிக்கத்தான் செய்கிறது; அது போய்விடும் என்று முன்பு நினைத்தேன், போகவில்லை. அதனால் பூவாளியை மாடியில் வைப்பதை நிறுத்திக் கீழ்த்தளத்துக் குழாயடியில் வைத்திருக்கிறேன். எடுத்துவர இரண்டு மாடிப் படிகள் இறங்கி ஏற வேண்டும். சில நாள்களில் எடுத்துவந்து ஊற்றுகிறேன். சில நாள்களில் பாதிப் படியில் நின்று, விரலில் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி மேலே போகிறேன்.